தனி லிஸ்ட்டா, கூட்டணியா, தெருவா? பச்சாகுத்திக் முன்னால் இருக்கும் வழிகள்

2025 பிப்ரவரியில் ஈக்வடார் ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்று. வலதுசாரி டேனியல் நொபோவாவுக்கு 44.17 சதவீதம், முன்னாள் ஜனாதிபதி ரஃபேல் கொரேயாவின் இடதுசாரிக் கட்சியைச் சேர்ந்த லூயிசா கொன்சாலஸுக்கு 44 சதவீதம், பூர்வகுடிகளின் கட்சியான பச்சாகுத்திக் சார்பில் நின்ற லியோனிதாஸ் இசாவுக்கு 5.25 சதவீதம். மார்ச் கடைசியில் சிம்பொராசோ மாகாணத்துத் திக்சான் என்ற ஊரில் கொன்சாலஸும் பச்சாகுத்திக்கும் மேடை போட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 44-உம் 5-உம் சேர்ந்தால் 49, இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஜெயம் என்று பலரும் கணக்குப் போட்டார்கள். ஏப்ரல் 13 அன்று கொன்சாலஸ் வாங்கியது 44.37 சதவீதம். நொபோவா 55.63.

ஓட்டு டிரான்ஸ்பர் ஆகவில்லை. மேலே தலைவர்கள் கை குலுக்கினார்கள், கீழே கிராமம் தன் பாட்டுக்கு ஓட்டுப் போட்டது.

இந்த முடிவை வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மாகாண, நகராட்சித் தேர்தல்களில் பச்சாகுத்திக் என்ன செய்யலாம் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. தனியாக நிற்பதா, பெரிய இடதுசாரிக் கட்சியோடு சேர்வதா, ஆளும் தரப்போடு பேரம் பேசுவதா, தேர்தலே வேண்டாம் என்று சாலை மறியலுக்குப் போவதா? எல்லாவற்றையும் இந்த இயக்கம் ஒரு முறையாவது செய்து பார்த்திருக்கிறது. அதனால் ஊகத்தைவிட அனுபவக் கணக்கே அதிகம் கிடைக்கிறது.

முதலில் போட்டி எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஈக்வடாரில் 24 மாகாணங்கள். கலாபகோஸ் தீவுகளுக்குத் தனி நிர்வாகம், மற்ற 23 மாகாணங்களுக்கும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பிரிஃபெக்ட் என்ற நிர்வாகத் தலைவர் உண்டு. 2008 அரசியல் சட்டம் பிரிஃபெக்டுக்குக் கொடுத்திருக்கும் பொறுப்புகளைப் படித்தால், பூர்வகுடிகளின் கோரிக்கைப் பட்டியலில் பாதியைப் படித்தது போல இருக்கும்: கிராமச் சாலை, பாசனம், ஆற்றுப்படுகைப் பணிகள், சுற்றுச்சூழல், விவசாய மேம்பாடு. மலைமேட்டுக் கிராமங்களில் பாசன வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். ஒரு குடும்பத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு. அந்த முறை நடு இரவில் வந்தாலும் மண்வெட்டியோடு போய் மடை திருப்பியாக வேண்டும். வாய்க்கால் உடைந்தால் ஊர் கூடிச் செய்யும் மிங்கா என்ற பொது உழைப்பில் வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும். அந்த வாய்க்காலுக்குச் சிமெண்ட்டும் குழாயும் எந்த அலுவலகத்திலிருந்து வரும் என்பதுதான் அங்கே பிரிஃபெக்ட் தேர்தல்.

பிரிஃபெக்டிடம் இல்லாத அதிகாரம் சுரங்கமும் எண்ணெயும். அவை மத்திய அரசின் கையில். இது பின்னால் மறுபடி வரும்.

இன்னொரு விதியும் முக்கியம். ஜனாதிபதிக்கு இரண்டு சுற்று. பிரிஃபெக்டுக்கும் மேயருக்கும் ஒரே சுற்று, யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவர் ஜெயித்தார். வேட்பாளர்கள் குவிந்துகிடக்கும் நாட்டில் இதன் விளைவு விசித்திரமாக இருக்கும். 2019-இல் தலைநகர் கீட்டோவின் மேயர் 21 சதவீதத்துக்குச் சற்று மேலே வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். நாடு தழுவிய தேர்தலில் 20 சதவீதம் என்றால் மூன்றாம் இடம், ஆறுதல் பரிசு. மாகாணத்தில் அதே 20-25 சதவீதம் ஆட்சி. ஐந்து சதவீதக் கட்சி என்று பச்சாகுத்திக்கை ஒதுக்குபவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

தனித்துப் போட்டி

வாக்குச்சீட்டில் பச்சாகுத்திக்கின் லிஸ்ட்டுக்கு, அதாவது வேட்பாளர் பட்டியலுக்கு, 18-ஆம் எண், வானவில் நிறம். 2019 மார்ச்சில் இந்த லிஸ்ட்டில் நின்று கொத்தொபாக்சி, துங்குராவா, அசுவாய் மாகாணங்களில் பிரிஃபெக்ட் பதவியைப் பிடித்தார்கள். 2023 பிப்ரவரியில் கொத்தொபாக்சியை லூர்தெஸ் திபான் தக்கவைத்தார். துங்குராவாவும் கைவிட்டுப் போகவில்லை. இரண்டு மாகாணங்களிலும் பூர்வகுடிகள் பெரும்பான்மை அல்ல. 2022 கணக்கெடுப்பின்படி நாடு முழுக்கவே தங்களைப் பூர்வகுடி என்று பதிந்தவர்கள் 7.7 சதவீதம்தான். ஆனால் அந்த ஓட்டு சிதறாமல் ஒரே லிஸ்ட்டில் விழுகிறது, எதிரே இருப்பவர்கள் ஐந்தாறு துண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். அதோடு பாசனச் சங்கங்களின் ஓட்டும் சிறு விவசாயிகளின் ஓட்டும் சேர்ந்தால் போதும்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் அசுவாய். 2010 கணக்கெடுப்பில் அங்கே பூர்வகுடிகள் இரண்டரை சதவீதம் அளவுதான். இனத்தை நம்பி நின்றிருந்தால் டெபாசிட் கூடத் தேறியிருக்காது. யாக்கு பெரெஸ் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். குவென்கா நகரத்துக்குத் தண்ணீர் தரும் கிம்சாகோச்சா மலைமேட்டில் தங்கச் சுரங்கம் வரக் கூடாது என்பதே பிரச்சாரம். கிராமத்துத் தண்ணீர்ச் சங்கங்களின் வழக்கறிஞராகப் பல வருடம் அலைந்தவர், சிறைக்கும் போனவர். குழாயைத் திறக்கும் நகரத்து நடுத்தர வர்க்கமும் அவருக்கு ஓட்டுப் போட்டது.

அந்த உதாரணத்துக்குள்ளேயே தனி வழியின் பலவீனமும் இருக்கிறது. பெரெஸ் பதவியில் இருந்தது ஒன்றரை வருடம்தான். 2020 அக்டோபரில் ராஜினாமா செய்து ஜனாதிபதி தேர்தலுக்குப் போனார். 19.39 சதவீதம், மூன்றாம் இடம். இரண்டாவதாக வந்த குய்யெர்மோ லாசோவோடு வித்தியாசம் முப்பதாயிரம் சொச்சம் ஓட்டு. பிரமாதமான சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சில மாதத்தில் அவர் கட்சியைவிட்டே விலகினார். 2023-இல் அசுவாய் கொரேயா கட்சிக்குப் போனது. மாகாணத்தில் அமைப்பைக் கட்டாமல் ஆளைக் கட்டினால் ஆள் போகும்போது ஓட்டும் போய்விடும். கொத்தொபாக்சியில் ஆள் மாறினாலும் லிஸ்ட் நின்றதற்குக் காரணம், அங்கே பின்னால் இருக்கும் விவசாய-பூர்வகுடி அமைப்பு எந்த ஒரு வேட்பாளரையும் நம்பி நிற்கவில்லை.

தனியாக நிற்பதில் பேசப்படாத லாபம் ஒன்று உண்டு. தேசியக் கட்சி என்ற பதிவு நிலைக்க ஈக்வடார் தேர்தல் சட்டம் சில அளவுகோல்களை வைத்திருக்கிறது: தொடர்ந்து இரண்டு தேர்தலில் 4 சதவீதம், அல்லது சட்டமன்றத்தில் 3 பேர், அல்லது நாட்டின் மேயர் பதவிகளில் 8 சதவீதம், இப்படி. மேல்மட்டத்தில் சரிவு வந்தால் கீழே இருக்கும் மேயர்கள்தான் கட்சியின் உயிரைப் பிடித்துவைப்பார்கள். 2006-இல் லூயிஸ் மக்காஸ் ஜனாதிபதித் தேர்தலில் 2 சதவீதத்தோடு சுருண்டபோது, கட்சி காணாமல் போகும் என்றுதான் எழுதினார்கள். ஊராட்சிகளில் வேர் இருந்ததால் அது பிழைத்தது.

கொரேயா கட்சியோடு கூட்டணி

காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. இரண்டும் இடதுசாரி, இரண்டும் தனியார்மயத்துக்கும் சர்வதேச நிதியத்தின் நிபந்தனைகளுக்கும் எதிர்ப்பு. கடலோரத்தில் கொரேயா கட்சிக்குச் செல்வாக்கு, மலையிலும் அமேசானிலும் பச்சாகுத்திக்குக்கு. இணைத்தால் வரைபடம் நிரம்பிவிடும்.

ஆனால் காகிதம் ஓட்டுப் போடுவதில்லை. கொரேயா 2007 முதல் 2017 வரை ஆண்டபோது நடந்ததை மலைக் கிராமங்கள் மறக்கவில்லை. சுரங்கச் சட்டம், தண்ணீர்ச் சட்டம் இரண்டையும் எதிர்த்து மறியல் செய்த தலைவர்கள் மீது நாசவேலை, பயங்கரவாதம் என்று வழக்குகள். 2013-இல் யசுனி காட்டில் எண்ணெய் எடுக்காமல் விடும் திட்டத்தைக் கைவிட்டது. 2014 டிசம்பரில், பூர்வகுடி அமைப்புகளின் கூட்டமைப்பான கொனாயேவை அதன் கீட்டோ தலைமையகக் கட்டடத்திலிருந்தே காலி செய்யச் சொன்னது. வெளியூர் இடதுசாரிகளுக்குக் கொரேயா நல்ல பெயர்தான். உள்ளூர்க்காரர் பார்வையில் அவர் இடதுசாரியும்கூட, வீட்டுக்காரனை வெளியேறச் சொன்னவரும்கூட. 2025 ஏப்ரலில் ஓட்டு நகராததற்கு இந்தப் பத்து வருடத்து நினைவு ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

அதே சமயம், இந்தப் பகையையே கொள்கையாக வைத்துக்கொள்வதும் கையைச் சுட்டிருக்கிறது. 2021 இரண்டாம் சுற்றில் லாசோவும் கொரேயா கட்சி வேட்பாளரும் மோதியபோது, யாருக்கும் வேண்டாம், செல்லாத ஓட்டுப் போடுங்கள் என்று பச்சாகுத்திக் சொன்னது. செல்லாத ஓட்டு 16 சதவீதத்தைத் தாண்டியது. வங்கி முதலாளி லாசோ ஜெயித்தார். மறு வருடம் ஜூனில் அதே லாசோவுக்கு எதிராக 18 நாள் வேலைநிறுத்தம் நடத்த வேண்டி வந்தது.

மாகாண மட்டத்தில் இந்தக் கூட்டணியை எப்படி மதிப்பிடுவது? எனக்குத் தோன்றுவது: தேசிய அளவில் ஒரே ஒப்பந்தம் போட்டு எல்லா மாகாணத்துக்கும் பங்கீடு செய்வது மோசமான யோசனை. கூட்டணிப் பேச்சில் பெரிய கட்சி தனக்குச் செல்வாக்கு இல்லாத இடத்தைச் சின்னக் கட்சிக்குத் தள்ளிவிடும், ஜெயிக்கிற இடத்தைத் தானே வைத்துக்கொள்ளும். தொகுதிப் பங்கீடு எங்கே நடந்தாலும் கதை அதுதான். ஆனால் குறிப்பிட்ட மாகாணத்தில், குறிப்பிட்ட காரியத்துக்காகச் சேர்வது வேறு விஷயம்.

மறுபடி கிம்சாகோச்சாவையே எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரியில் குவென்கா மக்கள் வாக்கெடுப்பில் சுரங்கத்துக்கு எதிராக 80 சதவீதம் போல ஓட்டுப் போட்டார்கள். அப்படியும் திட்டம் சாகவில்லை, ஏனென்றால் அனுமதி கொடுப்பது மத்திய அரசு. 2025 செப்டம்பரில் நகரமே தெருவில் இறங்கி ஊர்வலம் போனது. குவென்கா நகராட்சியும் அசுவாய் மாகாண நிர்வாகமும் திட்டத்துக்கு எதிராகத் தொழில்நுட்ப அறிக்கை கொடுத்தன. அக்டோபரில் சுற்றுச்சூழல் அனுமதி ரத்தானது. அந்த அறிக்கை போனபோது பிரிஃபெக்டாக இருந்தவர் கொரேயா கட்சிக்காரர். பச்சாகுத்திக் பல வருடம் உழுத நிலத்தில் இன்னொரு கட்சி அறுவடை செய்தது என்று சொல்லலாம். உழைப்பு வீணாகவில்லை என்றும் சொல்லலாம். தண்ணீர்தான் குறிக்கோள் என்றால் இரண்டாவது வாசிப்பே சரி. அசுவாய் போன்ற இடத்தில் தனித்து நின்று ஓட்டைப் பிரித்து, சுரங்கத்துக்கு ஆதரவானவரை உள்ளே விடுவதைவிட, எழுதி வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுப்பது லாபம்.

ஆளும் தரப்போடு பேரம்

இதற்கு அதிக இடம் தேவையில்லை. 2002-இல் முன்னாள் ராணுவ அதிகாரி லூசியோ குத்தியெரெஸோடு சேர்ந்து ஜெயித்தார்கள். நீனா பக்காரி வெளியுறவு அமைச்சர், லூயிஸ் மக்காஸ் விவசாய அமைச்சர். பூர்வகுடிகள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்த காட்சிக்கு வரலாற்று மதிப்பு உண்டு. ஆனால் குத்தியெரெஸ் பதவியேற்ற கையோடு சர்வதேச நிதியத்திடம் போனார். 2003 ஆகஸ்டில், அதாவது ஏழு மாதத்துக்குள், உறவு முறிந்தது. அவர் போகிற போக்கில் அமைப்பையும் பிளந்துவிட்டுப் போனார். இயக்கம் தன் பழைய பலத்துக்குத் திரும்ப 2019 வரை ஆனது.

2021-இல் சட்டமன்றத்தில் 137-க்கு 27 இடம், வரலாற்றிலேயே அதிகம். லாசோ கட்சியின் ஆதரவோடு பச்சாகுத்திக்கின் குவாதலூப்பே யோரி சபைத் தலைவரானார். ஒரு வருடத்தில் பதவி பறிபோனது, உறுப்பினர்களும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். 2025-இல் கிடைத்த ஒன்பது பேரிலும் ஒரு பகுதியினர் நொபோவா தரப்போடு ஓட்டுப் போட்டார்கள். மூன்று தடவை ஒரே பாடம்.

மாகாணத்தில் மட்டும் இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: பிரிஃபெக்டுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி மத்திய அரசிலிருந்து வருகிறது, அது தாமதமாகவே வருகிறது, சண்டை போட்டால் இன்னும் தாமதமாகும். உண்மைதான். அதற்காக அலுவலகத்துக்கு அலுவலகம் நல்லுறவு வைத்துக்கொள்ளலாம். ஒரே லிஸ்ட்டில் நிற்கத் தேவையில்லை.

தேர்தல் வேண்டாம், தெருவே போதும்

இந்த வழிக்கு ஈக்வடாரில் மரியாதை அதிகம், காரணமும் உண்டு. 1990 ஜூன் எழுச்சியில்தான் நாடு இவர்களைக் கண்ணெடுத்துப் பார்த்தது. அப்போது கட்சியே கிடையாது. அது பிறந்தது 1995-இல். 2019 அக்டோபரில் எரிபொருள் மானியத்தை வெட்டும் 883-ஆம் ஆணையைப் பதினோரு நாளில் திரும்பப் பெறவைத்தது தெருதான். 2022-இல் எரிபொருள் விலையில் கேலனுக்கு 15 சென்ட் குறைக்கவைத்ததும் தெருதான். எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் இத்தனை வேகமாக எதையும் வாங்கித் தந்ததில்லை.

ஆனால் 2025 செப்டம்பரில் டீசல் 1.80 டாலரிலிருந்து 2.80-க்கு ஏறியபோது, ஒரு மாதம் மறியல் நடத்தியும் விலை இறங்கவில்லை. உயிர்கள் போயின. அரசு ராணுவத்தை இறக்கியது, இம்பாபுரா மாகாணம் சுமையைத் தோளில் சுமந்தது, மற்ற மாகாணங்கள் அதே வேகத்தில் வரவில்லை. அக்டோபர் 22 அன்று நிறுத்திக்கொண்டார்கள். மூன்றரை வாரம் கழித்து, நவம்பர் 16 வாக்கெடுப்பில், நொபோவா கேட்ட நான்கு கேள்விக்கும் நாடு ‘இல்லை’ என்றது. புதிய அரசியல் சட்டம் எழுதும் மன்றம் வேண்டாம் என்று 60 சதவீதத்துக்கு மேல் சொன்னார்கள். தெருவில் கிடைக்காதது ஓட்டுப் பெட்டியில் கிடைத்தது என்று இதைச் சுருக்கினால் கொஞ்சம் மிகை. அந்த ‘இல்லை’யில் பல தரப்பு ஓட்டு கலந்திருக்கிறது. இருந்தாலும் தெரு மட்டும் போதும் என்ற வாதத்துக்கு அது உதவவில்லை.

மெக்சிகோவின் பூர்வகுடிக் கிளர்ச்சி இயக்கமான சபாத்திஸ்தாக்களைக் காட்டுவார்கள். முப்பது வருடமாகத் தேர்தலுக்கு வெளியே தன்னாட்சி நடத்துகிறார்கள், வாஸ்தவம். அவர்களும் தேசியப் பூர்வகுடிப் பேரவையும் 2018 ஜனாதிபதித் தேர்தலுக்கு மரிச்சூய் என்று அழைக்கப்படும் மரியா தெ ஹெசுஸ் பத்ரிசியோவை முன்னிறுத்திப் பார்த்தபோது, தேவைப்பட்ட 8,66,593 கையெழுத்தில் சுமார் 2,80,000-தான் சேர்ந்தது. தேர்தல் இயந்திரத்தை ஓட்டிப் பழகாதவர்கள் ஒரு நாள் ஏறி ஓட்ட முடியாது. ஈக்வடார்க்காரர்களிடம் அந்த இயந்திரம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் துருப்பிடிக்க விடுவது நஷ்டம்.

எதிர்த்திசை எச்சரிக்கை பொலிவியா. 1995-இல் கொச்சபம்பா கோகா இலை விவசாயிகள், வேறொரு கட்சியின் பெயரில் நின்று, சில நகராட்சிகளைப் பிடித்ததில் தொடங்கி, 2005-இல் 53.7 சதவீதத்தோடு தங்கள் தலைவர் எவோ மொராலெஸை மாஸ் கட்சியின் பெயரில் ஜனாதிபதி அரண்மனைக்கு அனுப்பினார்கள். கீழிருந்து மேலே என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. 2025 ஆகஸ்டில் அதே கட்சியின் வேட்பாளர் 3 சதவீதம் சொச்சம் வாங்கினார். இரண்டு தலைவர்களின் சண்டையில் இருபது வருடக் கட்டடம் இடிந்தது. மேலே போன பிறகு ஊராட்சிகளை ஜனாதிபதியின் கிளை அலுவலகமாக மாற்றிவிட்டால், உச்சி சரியும்போது கீழே தாங்க எதுவும் இருக்காது.

ஆக, எங்கே எது?

மத்திய மலைப்பகுதி மாகாணங்களில், கொத்தொபாக்சி, துங்குராவா போன்ற இடங்களில், 18-ஆம் எண்ணைத் தவிர வேறெதுவும் வாக்குச்சீட்டில் வரக் கூடாது. அங்கே கூட்டணி என்பது இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்குவது. சிம்பொராசோவில் தனி வழி அத்தனை எளிதல்ல. 2010-இல் அந்த மாகாணத்தில் 38 சதவீதம் பூர்வகுடிகள், ஆனால் சுவிசேஷ சபைகளைச் சார்ந்த பூர்வகுடிகளுக்கு நீண்ட காலமாகத் தனி அமைப்பும் தனி அரசியலும் உண்டு. முதல் பேச்சுவார்த்தை கொரேயா கட்சியோடு அல்ல, அவர்களோடுதான் நடக்க வேண்டும். இம்பாபுராவில் 2025 மறியலின் காயம் ஆறவில்லை. அங்கே வேட்பாளரைக் கீட்டோவில் தீர்மானித்தால் கிராமம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொத்தகாச்சி இதே மாகாணத்தில்தான் இருக்கிறது. 1996 முதல் 2009 வரை அங்கே மேயராக இருந்த பொருளியலாளர் ஔக்கி தித்துவானா, வருடாந்திர ஊர்ச் சபையைக் கூட்டிப் பட்ஜெட்டை அதன் முன்னால் வைத்தார். பூர்வகுடி அல்லாத கலப்பின நகரவாசிகளும் அவருக்கு மறுபடி மறுபடி ஓட்டுப் போட்டார்கள். அந்த மாதிரியைத் தூசி தட்டி எடுக்கலாம்.

அசுவாயில் எழுத்து ஒப்பந்தத்தோடு உள்ளூர்க் கூட்டணி. கடலோரத்தில், குறிப்பாகக் குவயாஸிலும் மனபியிலும், பிரிஃபெக்டுக்கு ஆள் நிறுத்திப் பணத்தைக் கரைப்பதில் அர்த்தமில்லை. கவுன்சிலர் பதவிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தெற்கு அமேசான்தான் உண்மையில் தலைவலி. மொரோனா சந்தியாகோவிலும் சமோரா சிஞ்சிப்பேயிலும் பச்சாகுத்திக் பலமான கட்சி. அதே சமோராவில்தான் மிரதோர் செம்புச் சுரங்கமும் ஃப்ருதா தெல் நோர்தே தங்கச் சுரங்கமும் 2019 முதல் ஓடுகின்றன. கட்சிக்கு ஓட்டுப் போடும் குடும்பங்களில் சுரங்கத்தில் சம்பளம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள், சுரங்கத்தால் ஆறு கெட்டவர்களும் இருக்கிறார்கள். சுரங்கம் கூடவே கூடாது என்ற தேசியக் கோஷத்தை இங்கே அப்படியே இறக்கினால் பாதி ஓட்டு போகும். கோஷத்தை மென்று விழுங்கினால் மலையில் பெயர் கெடும். மாகாண நிர்வாகத்தின் கையில் இருக்கும் சுற்றுச்சூழல் கண்காணிப்பை, ஆற்று நீர்ப் பரிசோதனையை, முடிவுகளை ஊர்தோறும் ஒட்டிவைப்பதைப் பிரச்சாரமாக ஆக்குவது ஒரு நடுவழி. அதைச் செய்ய எந்தக் கூட்டணியும் வேண்டாம், மத்திய அரசின் அனுமதியும் வேண்டாம். வேட்பாளர் தேர்வின்போது ஒரு நிபந்தனை மட்டும் சேர்க்க வேண்டியிருக்கும்: பதவிக்காலம் முடியும் முன் இன்னொரு பதவிக்கு ஓட மாட்டேன் என்று ஊர்ச் சபை முன்னால் எழுதிக் கொடுப்பது. சட்டப்படி அதற்கு மதிப்பு குறைவுதான், ஆனால் மிங்காவுக்கு வராதவன் வீட்டு மடையை யார் திறந்துவிடுவார்கள் என்று அந்த ஊர்களில் எல்லோருக்கும் தெரியும்.